சதுப்பில் மரம் நடும் யோசனை, டிசம்பரில் கொழும்பு வருகிறவர்களுக்குச் சில விபரங்கள்

அன்பான ஊர் உறவுகளுக்கு,

சங்கத்தின் பெயரில் கொழும்புச் சதுப்பு நிலம் ஒன்றில் மரக்கன்று நடுவோம் என்ற பேச்சு இங்கே சூடாக ஓடுகிறது. காசு சேர்க்கத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சதுப்புகளை இப்போது விழுங்கிக்கொண்டிருப்பவற்றில் ஒன்றே மரம்தான்.

ஊரில் நாங்கள் தின்கிற அன்னமுன்னாவுக்கு நெருங்கிய சொந்தம் அது. சிங்களத்தில் வெல் ஆத்தா என்பார்கள். அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. அன்னமுன்னா ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பயன்படுமென்று கொண்டுவந்தது, கைமீறிப் போய்விட்டது. பழமும் விதையும் தண்ணீரில் மிதந்தே இடம் மாறும். வெள்ளம் வடிந்த இடமெல்லாம் முளைக்கும். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்துப் பெத்தகானச் சதுப்பிலோ தியவன்னா ஓயாக் கரையிலோ நின்றால் நீங்களே பிடித்துவிடலாம்: மினுமினுக்கும் தடித்த இலை, தண்ணீர் மட்டத்தில் ஊதிப் பருத்த அடிமரம், பச்சை அப்பிள் மாதிரி வழவழப்பான காய். அது கூட்டமாக வளர்ந்து மேலே மூடிவிட்டால் கீழே கோரையும் புல்லும் வெயில் இல்லாமல் சாகும். உதிரும் இலை சேர்ந்து சேறு உயரும். திறந்த தண்ணீர் இல்லாமல் போக, இலைக்கோழிக்கும் தாராவுக்கும் அங்கே வேலையில்லை. தூரத்திலிருந்து படமெடுத்தால் பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருக்கும்!

வெட்டினால் தீராது. அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் தளிர்க்கும். முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட கன்றுகளை வேரோடு பிடுங்கலாம். தண்ணீர் இறங்கியிருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அதற்கு வாய்ப்பான காலம். பிடுங்கியதைச் சேற்றிலேயே போட்டால் மறுபடி வேர்விடும், மேட்டுக்கு ஏற்ற வேண்டும். பெரிய மரத்தை அடியோடு தறித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை தளிரை முறித்துக்கொண்டே வந்தால்தான் கட்டை களைத்துச் சாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம், பதாகை, குழுப்படம் என்று முடிக்கிற காரியம் இல்லை. ஒரே துண்டு நிலத்துக்கு இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பக் கூலி கொடுக்கச் சங்கம் தயாரென்றால் பயன் உண்டு. அதற்கும் முன் அனுமதி வேண்டும். சரணாலயம் என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். பெத்தகான நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கையில், தலவத்துகொட தியசரு பூங்கா காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். களைக்கொல்லி பற்றி யாராவது பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரம் நடலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் நட்ட கண்டலில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. வற்றுப்பெருக்கு எந்த மட்டத்துக்கு வரும், உப்பு எவ்வளவு என்று பாராமல், கையில் கிடைத்த ஓரிரு இனங்களைக் கண்ட இடத்தில் குத்தினார்கள். மிச்சத்தை மாடு கடித்தது. தண்ணீரின் வழி சரியாக இருந்தால் கண்டல் தானாகவே வரும்.

தண்ணீரின் வழி என்றதும் வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு விஷயம். பாலத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிறீர்களே அந்தக் கால்வாய், கோட்டே, கிருலப்பனைப் பக்கத்து வெள்ளம் கடலுக்குப் போகும் வாசல்களில் அது ஒன்று. தெகிவளைக் கால்வாய் இன்னொன்று. முகத்துவாரப் பக்கமும் களனியாற்றுப் பக்கமும் வழி உண்டு. எல்லாம் ஒடுங்கிய வாசல்கள். பெருமழை ஒரேயடியாக அவற்றால் போகாது. போகும்வரை தண்ணீரைப் பிடித்துவைப்பது கோட்டே, கொலன்னாவ, ஹீன் எல சதுப்புகள். 2010 நவம்பரில் ஓரிரவு மழைக்கு நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் ஏறியது. காற்றுக்காலத்தில் கால்வாய் வாயில் மணல்திட்டு விழுந்து அடைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே சதுப்பில் ஒரு துண்டை நிரப்பினால் அந்தத் தண்ணீர் வேறு ஒருவரின் வீட்டுக்குள் போகும். நிரப்புகிறவருக்கும் நிம்மதி இல்லை: அடியில் இருப்பது கரிசேற்று மண், பாரம் ஏற ஏற அமிழும், சுவர் வெடிக்கும். காணி வாங்க யோசிக்கிறவர்கள் தரகரின் பேச்சோடு நிற்காமல் மழை நாளில் போய்ப் பாருங்கள். கொலன்னாவச் சதுப்போரம் குவித்த மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து 30க்கு மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த வருடம், 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது. இரண்டும் ஒரே நகரம்தான்.

இனிப் பார்க்க வருகிறவர்களுக்கு. யாழ்ப்பாண பஸ் இரவில்தான், பகல் முழுக்க வெள்ளவத்தையில் கடை ஏறி இறங்குவதை விட்டு ஒரு காலையை ஒதுக்குங்கள். ஆறு மணி முதல் ஒன்பது மணி வரைதான் பறவைக்கு நேரம். அதன்பின் வெயிலில் உங்களுக்கும் முடியாது, அவைக்கும் முடியாது. வலசை வருபவை ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வழமை.

வயது போனவர்களும் பிள்ளைகளும் இருந்தால் பெத்தகான. பலகை நடைபாதை, பார்வைக் கோபுரம், கழிப்பறை எல்லாம் உண்டு. நீலத்தாழைக்கோழி, பாம்புத்தாரா, மீன்கொத்தி சிரமமில்லாமல் தெரியும். கபரகொய்யா (பெரிய நீருடும்பு) பாதையைக் கடந்தால் நின்று வழிவிடுங்கள். தலங்கமக் குளம் எனக்கு அதைவிடப் பிடிக்கும்: வயலும் எருமையும் குளக்கட்டுமாக, நடைபாதையும் நுழைவுச்சீட்டும் இல்லாத இடம். 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். வெள்ளவத்தைக்குக் கிட்ட வேண்டுமென்றால் பெல்லன்வில-அத்திட்டிய. அது 1990 முதல் சரணாலயம், 372 ஹெக்டேயர். ஆனால் சரணாலயம் என்ற பெயரை வைத்து யால மாதிரி வேலியும் வாசலும் எதிர்பார்க்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குத்தான் அனுமதிச்சீட்டு. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆட்கள் போய்வரலாம். வேட்டையும் முட்டை எடுப்பதும் குற்றம். சட்டத்தில் இருக்கும் இந்த இடைவெளியால்தான் அங்கே ஓரத்திலிருந்து மண் லொறி உள்ளே வருகிறது.

படகு வேண்டுமென்றால் நீர்கொழும்பு வழியில் முத்துராஜவெல. விமான நிலையத்துக்குக் கிட்ட என்பதால் திரும்பிப் போகும் நாளுக்குப் பொருந்தும். இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பு வலிக்கச் சொல்லிக் கேளுங்கள், ஏறுமுன் கேளுங்கள். இல்லாவிட்டால் பறவைக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுத்தான் படம் எடுக்கத் தருவார்கள்.

பாண் எறிய வேண்டாம், முதலை இருக்கும் தண்ணீரில் அது விளையாட்டும் இல்லை. ட்ரோன் கொண்டுவர வேண்டாம். அனுமதி தேவை, அதிலும் பெத்தகானவுக்குப் பக்கத்தில் நாடாளுமன்றம். மீன்பிடிப் பூனை இந்தச் சதுப்புகளில் இன்னும் இருக்கிறது, ஆனால் இரவுப் பிராணி. ஈரச் சேற்றில் தடத்தைப் பார்த்தாலே அதிர்ஷ்டம். அடிபட்ட விலங்கைக் கண்டால் தூக்காமல் 1992க்கு அழையுங்கள்.

தண்ணீரில் மிதந்து பரவும் களையான ஆகாயத்தாமரையை வாரப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். செடியின் எடையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தண்ணீர், ஆகவே ஒரு தொன் வாரினால் காய்ந்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான்; லொறியை அதற்கேற்பப் பேசுங்கள். கரையோரம் குவித்தால் அழுகிய சாறு திரும்பக் குளத்துக்குள் வடிந்து அடுத்த செடிக்கு உரமாகும். காற்றடிக்கும் பக்கத்துக்குக் கயிற்றால் ஒதுக்கிவிட்டு அங்கிருந்து வாருங்கள், கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வாய்க்காலில் வீட்டுக் கழிவு விழும்வரை அது திரும்பி வரும்; விதை சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும். 1909இலேயே இதை ஒழிக்கச் சட்டம் போட்ட நாடு இது.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, கையுறை. காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். தடுப்புக்கு மாத்திரை உண்டு, முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை டொக்டரிடம் சொல்ல மறக்கக்கூடாது.

மரக்கன்றுக்குப் பதில் சங்கம் என்ன செய்யலாம்? வீட்டு அலுமாரியில் சும்மா கிடக்கும் பைனாகுலரைப் பறவை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கொண்டுவாருங்கள். 8×42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர்) சிறந்தது. 10×50 பாரம், பிள்ளைகளின் கை நடுங்கும். கொழும்பு ஈரத்தில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தே கொடுக்க வேண்டும். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த களப் பறவையியல் குழு அதைச் செய்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கொழும்பில் படிக்கிறவர்கள் சேரலாம்.

யார் யார் எத்தனை பைனாகுலர் கொண்டுவருகிறீர்கள் என்று இந்த மடலுக்கே பதில் போடுங்கள். மரக்கன்றுக்கு ஏற்கெனவே காசு அனுப்பியவர்கள், அதை வெல் ஆத்தாக் கூலிக்கு மாற்றச் சம்மதமா என்றும் எழுதுங்கள்.

கொழும்புக் கிளை