வில்லெடுத்து வான்கோழி வேட்டை, புது ஆளுக்கு யோசனை சொல்லுங்கள்

மேலூர்க்காரன்: டெக்சாஸில் இருக்கும் மச்சான், ஏப்ரலில் வா, வில்லோடு காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகலாம் என்கிறார். மதுரையில் அட்டையைக் குறிவைத்து அம்பு விட்டதோடு சரி. எதில் ஆரம்பிப்பது?

பதில் 1: முதலில் லைசென்ஸ் எடுங்க தம்பி. 1971 செப்டம்பர் 2-லிருந்து பிறந்தவர்களுக்கு அங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு.

பதில் 2: அண்ணே, வான்கோழிக்கு மோப்பம் மட்டம், கண்தான் பொல்லாதது. வில்லை இழுக்கும் அசைவிலேயே ஓடிவிடும், அதனால் மறைப்புக் கூடாரத்துக்குள் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்து, அது மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, விரித்த வாலை நம் பக்கம் திருப்பும்போதோ இழுக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் போடவே கூடாது. சேவலின் தலை நிறம் அதுதான், வேறொரு வேட்டைக்காரர் உங்களையே சுட்டுவிடுவார்!

பதில் 3: ஒத்திகை என்று அழகர்மலைப் பக்கம் மயில், கௌதாரி மேல் அம்பைத் திருப்பிவிடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியிருக்கும். அட்டையே போதும், ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்தபடி விட்டுப் பழகுங்கள்.