ஒம்பதாவது படிக்கிற பையனுக்கு அல்ஜீப்ரா ஏறவே மாட்டேங்குது, தனியா ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுத்தா மாறுமா?

பாம்பன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாம்பன். வீட்டுக்காரர் நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவரு. மூத்தவன் ஒம்பதாவது, கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ஆறாவது வரைக்கும் கணக்குல நல்லா வந்த பய, கடையில சாமான் வாங்குனா கடைக்காரரு கூட்டி முடிக்கிறதுக்குள்ள மீதி இவ்வளவுன்னு சொல்லிருவான், ஏழாவதுல எக்ஸ் ஒய்னு ஆரம்பிச்சதுல இருந்து அப்படியே கீழ போயிட்டான். அரையாண்டுல 100க்கு 23.

டியூசன் போகாம இல்ல. ஒரு வருசமா போறான், மாசம் 400 ரூவா. ஆனா அங்க ஒரே ஹால்ல 35 புள்ளைக, எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் ஒண்ணாத்தான் உக்காருது, சார் போர்டுல போடுவாரு இவன் எழுதிட்டு வந்துருவான். நோட்டப் பாத்தா எல்லாமே சரியா இருக்கு, அதே கணக்க மறுநாள் போடுறான்னா முழிக்கிறான். கேட்டா "எல்லாம் புரியுதும்மா"ங்குறான். எனக்குத் தெரியும் புரியலன்னு.

பக்கத்துல ஒரு தங்கச்சி பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சிட்டு வீட்ல இருக்கு, தனியா வந்து சொல்லித் தரேன் மாசம் 1500 குடுங்கக்கான்னு சொல்லுது. எங்களுக்கு அது பெரிய காசு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், எங்காளு நாட்டுப்படகுன்னாலும் அந்த நேரத்துல விசைப்படகுக்குப் போற தம்பி வீட்டயும் நாங்கதான் பாக்கணும், அதனால யோசிச்சுத்தான் செலவு பண்ண முடியும். தனியாச் சொல்லிக் குடுத்தா நெசமாவே வித்தியாசம் தெரியுமா இல்ல அதே கணக்க வீட்ல உக்காந்து எழுதுற மாதிரிதான் இருக்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

உச்சிப்புளி_கணக்கு_டீச்சர்:

தங்கச்சி, நான் பதினாறு வருசமா ஹைஸ்கூல்ல கணக்கு எடுக்குறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க பையன் பொய் சொல்லல. போர்டுல ஒருத்தர் போடுறதப் பாக்கும்போது எல்லாருக்கும் புரியிற மாதிரிதான் இருக்கும். தானாப் போடும்போதுதான் எங்க அறுந்துருக்குன்னு தெரியும். 40 பேர் உள்ள கிளாஸ்ல அந்த அறுந்த இடத்த எங்களால பாக்க முடியிறதில்ல, மனசு வலிச்சுத்தான் சொல்றேன், 45 நிமிசத்துல ஒவ்வொரு புள்ள நோட்டுலயும் ரெண்டு நிமிசம் நின்னா பாடம் நடத்த முடியாது.

ஒரு உதாரணம் பாருங்க. 7 − 2(x − 3) = 1. என் கிளாஸ்ல பாதிப்பேருக்கு மேல இத 7 − 2x − 6 = 1னு எழுதுவாங்க, x = 0னு முடிப்பாங்க. சரியான விடை 6. நான் பேப்பர் திருத்தும்போது சிவப்புல ஒரு தப்பு போட்டு அடுத்த பேப்பருக்குப் போயிருவேன். அந்தப் பையன் பாக்குறது தப்புங்குற குறிய மட்டும்தான், தனக்கு அல்ஜீப்ரா வராதுன்னு முடிவு பண்ணிக்குவான். ஆனா அவனுக்கு வராதது அல்ஜீப்ரா இல்ல, மைனஸ் இன்ட்டு மைனஸ். அது ஏழாவது முழுக்கள் பாடம். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து "இந்த 6க்கு முன்னாடி ஏன் மைனஸ் போட்ட?"ன்னு கேட்டாப் போதும், அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துரும். போட்டு முடிச்சதும் வந்த விடைய கணக்குக்குள்ளயே வச்சுப் பாக்கச் சொல்லணும். 0 வச்சா 7 + 6 = 13 வருது, 1 வரல. தப்புன்னு அவனே கண்டுபிடிச்சிருவான், டீச்சர் சொல்ல வேண்டியதே இல்ல.

இன்னொண்ணு, இன்னைக்கே வீட்ல கேட்டுப் பாருங்க. 8 + 4 = __ + 5, கோடு போட்ட எடத்துல என்ன வரும்? நெறைய புள்ளைக 12ம்பாங்க. சமக்குறின்னா "விடைய இங்க எழுது"ன்னு அஞ்சாவது வரைக்கும் பழகிட்டாங்க, ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்ங்குற நெனப்பே இல்ல. இது இல்லாம சமன்பாட்டுக்குப் போனா "அந்தப் பக்கம் கொண்டு போனா குறி மாறும்"ங்கிறத மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்றாங்க, ஏன் மாறுதுன்னு கேட்டா பதில் இருக்காது. மீன் எடை போடுற பழைய தராசத்தான் நான் சொல்லுவேன், ஒரு தட்டுல இருந்து 3 கிலோ எடுத்தா மறு தட்டுலயும் 3 கிலோ எடுக்கணும், அவ்வளவுதான்.

காசு விசயம். மாசம் 1500 கஷ்டம்னா வாரம் மூணு நாள் முக்கால் மணி நேரம்னு கேட்டு கொறச்சுப் பேசுங்க. ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் ஒரே மூச்சா உக்கார வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, அடுத்த ஞாயிறுக்குள்ள எல்லாம் மறந்துரும்.

---

கீழக்கரை_தம்பி:

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. நான் இப்ப இன்ஜினியரிங் மூணாவது வருசம், ஆனா ஒம்பதாவதுல உங்க பையன் மாதிரிதான், ஒரு தடவ 18 மார்க் வாங்குனேன். எங்க லாத்தாதான் (பெரியம்மா மக) என்னைய உக்கார வச்சுச்சு. அது ஒண்ணும் டீச்சர் இல்ல பிளஸ் டூதான், ஆனா அது செஞ்ச ஒரே ஒரு வேல என்னன்னா பேனாவ தொடவே தொடாது, நான்தான் போடணும், போடும்போது வாய்விட்டு சொல்லிக்கிட்டே போடணும், "இப்ப ரெண்டு பக்கமும் 4 கழிக்கிறேன்"னு, சொல்லாம ஒரு ஸ்டெப் எழுதுனா நிறுத்திரும்.

அப்படித்தான் தெரிஞ்சது எனக்கு பின்னமே தெரியலன்னு. x/3 + 2 = 5ன்னு வந்தா கை நடுங்கும். அதனால அது ஒம்பதாவது புக்க மூடி வச்சுட்டு ஒரு வாரம் ஆறாவது பின்னம் போட வச்சுச்சு. கிளாஸ்ல இத செய்ய முடியுமா? முடியாது, கூட இருக்குறவன் சிரிப்பான். எனக்கு ஸ்கூல்ல கை தூக்குறதுக்கே வெக்கம், லாத்தாகிட்ட மட்டும் "1/2 + 1/3 ஏன் 2/5 இல்ல"ன்னு கேக்க முடிஞ்சது. அந்தக் கேள்விய எட்டாவதுலயே கேட்டிருக்கணும்.

நாலு மாசத்துல முழுப் பரீட்சையில 61. ஒரேயடியா ஏறல, மொத மாசம் மார்க்கு அப்படியேதான் இருந்துச்சு, வாப்பாகூட எதுக்கு இதுன்னு கேட்டாங்க. பொறுமையா இருங்க.

---

தொண்டி_வாசகர்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தனி டியூசன்னாலே நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. என் மகளுக்கு ஒரு சாரு வீட்டுக்கு வந்து மாசம் 2000 வாங்குனாரு, பக்கத்துல நின்னு பாத்தேன், கணக்கு பூரா அவரேதான் போடுறாரு, புள்ள தலைய ஆட்டுது. ஹோம்வொர்க் முடிஞ்சிரும், மார்க்கு நகரல. ஆறு மாசம் காசு போனதுதான் மிச்சம். அதனால அந்தத் தங்கச்சிய ரெண்டு நாள் சும்மா வரச்சொல்லிப் பாருங்க, யாரு அதிகம் பேசுறாங்க, யாரு கையில பேனா இருக்குன்னு மட்டும் கவனிங்க.

அப்புறம் 1984ல பெஞ்சமின் ப்ளூம்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதுனாரு. தனியாப் படிச்ச சராசரிப் புள்ள, வகுப்புல படிச்ச 98 சதவீதம் பேர விட மேல வந்துச்சுன்னு. இத எல்லா டியூசன்காரங்களும் சொல்றாங்க. ஆனா அதுல வெறுமன தனியா உக்காந்தது மட்டும் இல்ல, ஒவ்வொரு பாடத்துக்கும் டெஸ்ட் வச்சு, தப்பத் திருத்தி, நல்லாத் தேறுன பிறகுதான் அடுத்த பாடம். பின்னாடி வந்த ஆராய்ச்சிகள்ல பலன் நிச்சயமா இருக்கு ஆனா அவ்வளவு பெருசா இல்லன்னுதான் வந்துருக்கு. அப்பறம் சிகாகோவுல ஒரு டீச்சருக்கு ரெண்டு பசங்கன்னு தினமும் ஸ்கூல் நேரத்துலயே கணக்கு சொல்லிக் குடுத்து அதுலயும் மார்க்கு நல்லா ஏறியிருக்கு. அதனால உங்க பையன் கூட அதே அளவுல இருக்குற இன்னொரு பையனச் சேத்தா ஆளுக்கு 750தான் ஆகும். ரெண்டு பேருக்கு மேல போனா ஒருத்தன் ஒளிஞ்சுக்குவான், அத மட்டும் செய்யாதீங்க.

---

பாம்பன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரக்கா, நீங்க சொன்ன 8 + 4 கணக்க நேத்து ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். யோசிக்காம 12ன்னுட்டான். எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. மூணு வருசமா இவன் மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன், படிக்கல படிக்கலன்னு அடிச்சும் இருக்கேன், அவனுக்கு அந்தக் குறி என்னன்னே யாரும் சொல்லலையே.

அவங்க அப்பாவும் உக்காந்திருந்தாரு. ஏழாவதோட நிறுத்துனவரு, அவருதான் பங்குக் கணக்கு சொன்னாரு. 18000க்கு மீன் வித்துருக்கு, டீசல் ஐஸ் சாப்பாடு எல்லாம் சேத்து 6000, ஆள் 4 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு படகுக்கும் வலைக்கும் 2 பங்கு, ஒரு பங்கு எவ்வளவுடான்னாரு. 2000ன்னு ஒடனே சொல்லிட்டான். இதத்தான உன் புக்குல 6x + 6000 = 18000ன்னு எழுதிருக்கும்னு நான் நோட்டுல எழுதிக் காட்டுனேன், ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தான், அப்பறம் "அப்ப எக்ஸுங்குறது பங்காம்மா?"ன்னு கேட்டான்.

அந்தத் தங்கச்சிகிட்ட பேசிட்டேன். அடுத்த தெரு பையனயும் சேத்து ரெண்டு பேரு, திங்கள் புதன் வெள்ளி சாயங்காலம் 6ல இருந்து 6.45. ஒரு சந்தேகம், இப்பவே ஒம்பதாவது பாடத்துல ஆரம்பிக்கச் சொல்லவா இல்ல பின்னாடி போகச் சொல்லவா? முழுப் பரீட்சை வருதேன்னு பயமா இருக்கு.

---

உச்சிப்புளி_கணக்கு_டீச்சர்:

அந்த "எக்ஸுங்குறது பங்கா"ங்குற கேள்விய விடாதீங்க தங்கச்சி. ஆமான்னு சொல்லுங்க, ஆனா எக்ஸ் பங்கோட பேரு இல்ல, ஒரு பங்குக்கு எத்தன ரூவாங்குற நம்பர்னு சேத்துச் சொல்லுங்க. இல்லன்னா எக்ஸ்னா மீனு ஒய்னா நண்டுன்னு புடிச்சுக்குவான், பின்னாடி xyனு பெருக்கல் வரும்போது மாட்டிக்குவான்.

பரீட்சையப் பத்தி பயப்படாதீங்க, பின்னாடியே போங்க. மொத ரெண்டு வாரம் முழுக்கள், பின்னம், அடைப்புக்குறி. மூணாவது வாரத்துல இருந்து எட்டாவது ஒரு மாறி சமன்பாடு. அதுக்கப்புறம்தான் ஒம்பதாவது காரணிப்படுத்துறது. முழுப் பரீட்சைக்கு வடிவியல், புள்ளியியல் ஸ்கூல்ல நடத்துறத வச்சு ஓட்டிருவான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா அடுத்த வருசம் பத்தாவது. அங்க ஒரு மார்க் கேள்வி 14, செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, இந்த 30ஓட இன்னும் கொஞ்சம் சேத்து 35 எடுத்து பாஸாக்கி விட்டுருவாங்க, நாங்களும் அப்படித்தான் செய்றோம், வேற வழி இல்லாம. பாஸாகி பதினொண்ணுல மேத்ஸ் குரூப்போ பாலிடெக்னிக்கோ போன புள்ள மொத மாசமே திரும்பி வந்து அழுறதப் பாத்திருக்கேன். உங்க பையனுக்கு மே மாசம் பூரா கையில இருக்கு.

அந்தத் தங்கச்சிய ஒரு தனி நோட்டு போடச் சொல்லுங்க, அதுல சரியாப் போட்டது வேண்டாம், தப்பாப் போட்டது மட்டும், ஏன் தப்பாச்சுன்னு அவன் கையாலயே ஒரு வரி. மூணு வாரம் கழிச்சு அந்த நோட்டுல ரெண்டு பக்கம் போட்டோ எடுத்து இங்க போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்.