ஹப் மோட்டார் ஆக்ஸிலுக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டு போடலாமா?

உப்புக்காத்து: வீடு தூத்துக்குடியில, கடலோரம். சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ற 1000 வாட் ஹப் மோட்டார், கியர் இல்லாதது. பிரேக் பிடிச்சா பேட்டரிக்கு சார்ஜ் திரும்பும். கிட்டோடு வந்த நட்டு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிச்சுப் போச்சு. எஸ்.எஸ். நட்டு வாங்கினேன். கையால ரெண்டு சுத்து ஏறுச்சு, அப்புறம் இறுகிருச்சு. ஸ்பேனர் போட்டு ஏத்தலாமா?

லேத்துக்காரன்: வேண்டாம் தம்பி, ஸ்பேனரைக் கீழ வைங்க. மரை வேறயா இருக்கும். ஆக்ஸில் 14 மி.மீ. என்றால் பெரும்பாலும் 1.5 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் 1.5 மி.மீ. இடைவெளி; 12 என்றால் 1.25. சும்மா '14 நட்டு'ன்னு கேட்டா கடையில் 2 மரைதான் தருவாங்க. பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்க.

உப்புக்காத்து: சரியாச் சொன்னீங்கண்ணே. மரை அளக்கிற கேஜ் வச்சுப் பார்த்தோம், ஆக்ஸில் 1.5, நட்டு 2. ஆக்ஸில் நுனியில் ஒன்றரை சுத்து மரை நசுங்கியிருக்கு. டை (மரை வெட்டுற வளையம்) போட்டு எடுத்துரலாமா?

லேத்துக்காரன்: அந்தப் பக்கமாத்தான் மோட்டார் வயர் வெளிய வருதா? அப்போ கனெக்டரைக் கழற்றாம டை உள்ளே போகாது. சின்ன முக்கோண அரத்தால பள்ளத்தோடவே மெதுவா ராவுங்க. வயர்மேல் துணி சுத்திக்கங்க. அரம் பட்டா உறை கிழிஞ்சிரும்.

நட்டு விஷயத்தில் என் வாக்கு ஜிங்க் பூசின ஸ்டீலுக்குத்தான். முகத்தில் வலுவைக் காட்டுற எண் 10 என்று குத்தியிருக்கணும், 8 இருந்தாலும் போதும். கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்.எஸ். ரகம் ஏ2-70, அதைவிட வலு குறைவு. இறுக்கும்போது மரை ஒன்றையொன்று கடிச்சுப் பிடிக்கிற ஆபத்தும் உண்டு. அலுமினிய நட்டு பக்கமே போகாதீங்க. துருவுக்கு, மாட்டினபிறகு வெளியே கிரீஸ் தடவினாலே போதும். மரைக்குள்ள கிரீஸ் போட்டா அதே டார்க்கில் (திருகுற விசையில்) கூடுதலா இறுகும், கவனம்.

ரெண்டுசக்கரம்: ஒண்ணு சேர்த்துக்கறேன். நீங்க பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆக்ஸில் எதிர்ப்பக்கம் திருகப் பார்க்கும். போகும்போது ஒரு பக்கம், நிக்கும்போது மறுபக்கம். எந்த நட்டும் அந்த ஆட்டத்தில் தளரும். டார்க் ஆர்ம் (ஆக்ஸில் சுத்தாம ஃப்ரேமோட பிடிச்சு வைக்கிற இரும்புப் பட்டை) இருக்கா? ஃப்ரேம் அலுமினியமா?

உப்புக்காத்து: அலுமினியம்தான். டார்க் ஆர்ம் இல்லை.

ரெண்டுசக்கரம்: அப்போ அதை மாட்டுறவரை ஓட்டாதீங்க, தயவுசெஞ்சு. ஆக்ஸில் உட்கார்ற பள்ளம் விரிஞ்சு உடைஞ்சா, ஆக்ஸில் சுத்தி வயரையும் அறுத்துரும். மாட்டினபிறகு நட்டிலிருந்து ஆக்ஸில் நுனிவரைக்கும் நெயில் பாலிஷில் ஒரு கோடு போடுங்க. முதல் 50 கிலோமீட்டர்ல ரெண்டு மூணு தடவை பாருங்க. கோடு விலகியிருந்தா நட்டு நகர்ந்திருக்கு.