டியூஷன் சென்டர் தீயில் போய்விட்டது. டீச்சருக்கு உண்மையில் எது உதவும்?

ஜூரோங்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் தொடக்கநிலை ஆறு. இங்கே சிங்கப்பூரில், ஜூரோங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றின் மேல்மாடியில் தமிழ் டியூஷன் சென்டர். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தனியாளாக நடத்துகிறார். போன வாரம் மாலை வகுப்பு நேரத்தில், கீழே இருக்கும் கடையில் சார்ஜ் போட்டிருந்த மின்சைக்கிள் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்தது. முன்படி முழுக்கப் புகை. டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் பின்படி வழியாக இறக்கிவிட்டார். வெளியே வந்ததும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். நான் தீயணைப்புக்கு, 995-இல், பேசிக்கொண்டே பார்க்கிறேன், ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் டீச்சர்" என்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

யாருக்கும் காயமில்லை. ஆனால் மேல்மாடி போய்விட்டது. மேசை, நாற்காலி, ஃபோட்டோகாப்பி மெஷின், இருபது வருடமாக டீச்சர் கையால் எழுதிச் சேர்த்த பயிற்சித்தாள்கள், எதுவும் மிஞ்சவில்லை.

அன்று உதவியவர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் புளோக்கில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தம்பிகள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவந்தார்கள். இரண்டாவது மாடி மலாய்ப் பெரியம்மா, எங்கள் மக்சிக், ஒரு பெரிய குவளை நிறைய மைலோ கரைத்துக்கொண்டு வந்தார். மளிகைக் கடை அங்கிள் பிள்ளைகளைக் கடைக்குள் உட்காரவைத்து, கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். (என் மகள் இரண்டு ஐஸ்கிரீம். கேட்டால் அதிர்ச்சியாம்.)

இப்போது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சி. ஒரு கட்சி பணம் வசூலிக்கலாம் என்கிறது. இன்னொரு கட்சி பழைய துணி, பாத்திரம், புத்தகம் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைக்கிறது. டீச்சர் வீடு எரியவில்லை என்று எத்தனை தடவை சொல்வது? மூன்றாவது கட்சி பெயின்ட் தம்பிகளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து ஃபோட்டோ எடுக்கலாம் என்கிறது. டீச்சரைக் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்மா" என்பதோடு சரி.

இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எது நிஜமாகவே உதவும்? அப்புறம், என் மகள் இப்போது எந்தக் கடைவீட்டு மாடிப்படியும் ஏற மாட்டேன் என்கிறாள். அதற்கும் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

---

குடந்தை_செந்தில் எழுதியது:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். இப்போது செங்காங்கில் இருக்கிறேன். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, நான் பத்தாம் வகுப்பு. காசிராமன் தெருப் பள்ளியில் சமையல்கட்டில் பிடித்த தீ, மாடியில் கீற்றுக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் போய்விட்டது. 94 பிள்ளைகள். அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத எனக்கு முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லலாம். முதல் நாட்களில் ஊருக்குள் நுழைய முடியாத அளவுக்குக் கார்கள். கொஞ்ச நாள் போனதும் எல்லாரும் போய்விட்டார்கள். கடைசிவரை நின்றது அந்தப் பெற்றோர்தான், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு. வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2014 ஜூலை ஆகிவிட்டது. பத்து வருடம் யார் கூட வருவார்கள் சொல்லுங்கள். இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலை 16-ஆம் தேதியும் அவர்கள் அந்தப் பள்ளி வாசலில் கூடுகிறார்கள். அதனால் உங்கள் குழுவில் முதல் வாரம் துள்ளுகிறவர்களைவிட, மூன்றாவது மாதம் டீச்சருக்கு ஃபோன் போடப்போகிறவர் யார் என்று பாருங்கள். அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

மகள் விஷயம். என் தங்கை அப்போது மூன்றாம் வகுப்பு, வேறு பள்ளி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கொட்டகையில் படுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று நாங்கள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. அப்பா ஒரு நாள் கீற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடு வேய்ந்தார், அவளைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு. அன்று ராத்திரியே போய்ப் படுத்தாள். பிள்ளைகளுக்கு ஆறுதல் வார்த்தை போதாது அக்கா, அந்த இடம் மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். புது இடம் பிடித்தால் முதல் நாளே அவளைக் கூட்டிப்போய் இரண்டு வழியையும் காட்டுங்கள். பின்படியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அவள் எதிரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். கீழ்க்கடைக்காரரிடம் பேட்டரியைப் பற்றியும் பேசிவிடுங்கள். தரச்சான்று உள்ள பேட்டரிதானா, கடையைப் பூட்டிவிட்டுப் போகும்போது சார்ஜில் விடுகிறார்களா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கும்பகோணத்துக்கு அப்புறம்தான் நாடு முழுக்க எல்லாப் பள்ளிகளும் தீப்பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதுவரை யாரும் கேட்காமல் இருந்ததுதான் எங்கள் ஊருக்கு வினையானது.

---

மன்னை_சூப்பர்வைசர் எழுதியது:

சிஸ்டர், நான் கட்டுமானத் தளத்தில் சேஃப்டி பார்க்கிறவன். பிரியாணி விஷயத்துக்கு மட்டும் பதில்.

2025 ஏப்ரல் 8 ரிவர் வேலி சாலையில் நடந்தது நினைவிருக்கும். அதுவும் கடைவீடு, பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்த இடம். காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தீ. பக்கத்தில் வேலையில் இருந்த நம்ம ஆட்கள் சாரத்தையும் ஏணியையும் கொண்டுபோய் வைத்து, மூன்றாம் மாடி விளிம்பில் தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கைக்குக் கை மாற்றி இறக்கினார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், பஞ்சாபிக்காரர், பங்ளாதேஷ்காரர் எல்லாரும் இருந்தார்கள். பத்து வயது ஆஸ்திரேலியச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். மற்ற பிள்ளைகள் பிழைத்தார்கள். மறுநாள் காலை வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் மீட்டிங்) எங்கள் சைட்டில் வேறு பேச்சே இல்லை. சாரம் கட்டுகிற வேலைக்கு மரியாதை கிடைத்த நாள் என்று எங்கள் ஃபோர்மேன் சொன்னார்.

அவர்களுக்கு மனிதவள அமைச்சு நன்றி சொல்லி நினைவு நாணயம் கொடுத்தது. நிரந்தரவாசத் தகுதியே கொடுக்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு கூட்டம் வாதாடியது. அதெல்லாம் நம் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒரு கடிதம். அந்தத் தம்பிகளின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கம்பெனிக்கும் உங்கள் நகர மன்றத்துக்கும் இன்ன தேதியில் இன்னது செய்தார்கள் என்று எழுதுங்கள். அதில் ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் காட்ட அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது? பிரியாணியும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையிலேயே வந்து வெயிலில் கிடக்கிற கேட்டரிங் சாப்பாட்டுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் கொண்டுபோங்கள். சாயங்காலம் லாரி வந்துவிட்டால் ஏறிப் போய்விடுவார்கள். ஃபோட்டோ எடுப்பதென்றால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

---

தஞ்சோங்பகார்_தாத்தா எழுதியது:

பிள்ளைகளா, எனக்கு எழுபதுக்கு மேலாகிறது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பம் (குடிசைக் கிராமம்) எரிந்தபோது நான் சின்னப் பையன். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து வானம் கறுத்ததைப் பார்த்தோம். கிட்டத்தட்ட 16,000 பேருக்கு ஒரே நாளில் வீடில்லாமல் போனது. அவர்களைப் பள்ளிக்கூடங்களில்தான் தங்கவைத்தார்கள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அன்று அம்மா கொடுத்த அரிசி மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனவர், மூட்டையோடு திரும்பி வந்தார். அங்கே அரிசி குவிந்து கிடக்கிறது, ஆக்க அடுப்புதான் இல்லையாம். அடுத்த நடை மண்ணெண்ணெய் ஸ்டவ் கொண்டுபோனார்.

ஜூரோங் அம்மா, டீச்சரிடம் "என்ன வேண்டும்" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். "செவ்வாய்க்கிழமை வகுப்பை எங்கே நடத்தப்போகிறீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

---

தமிழாசிரியை_வசந்தி எழுதியது:

நானும் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். பணத்தைவிட டீச்சருக்கு வலிப்பது அந்தப் பயிற்சித்தாள்களாகத்தான் இருக்கும். ஆனால் அவை அழியவில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவரிடம் படித்த ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் இருக்கின்றன. பிள்ளை தேறிய பிறகும் கோப்பைத் தூக்கிப்போட மனசு வராத அம்மாக்கள் நம்மில் எத்தனை பேர்! பழைய மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள், கைப்பேசியில் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் சேருங்கள். பிள்ளை எழுதிய விடை மேலே இருந்தால் இருக்கட்டும். கேள்வி கிடைத்தால் போதும், திரும்பத் தட்டச்சு செய்துகொள்ளலாம்.

வாய்மொழித் தேர்வுக்கான பழைய படங்களைத் தேடி மெனக்கெட வேண்டாம். பிஎஸ்எல்இ, அதாவது ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வு, அதன் உரையாடலுக்கு 2017 முதல் காணொளிதான். கருத்தறிதல், கட்டுரை, செய்யுளும் பழமொழியும், இவற்றைத் தேடுங்கள். ஆகஸ்டில் வாய்மொழி வந்துவிடும், அதனால் ஆறாம் வகுப்புத் தாள்கள் முதலில்.

புகையில் தப்பிய புத்தகம் ஏதாவது இருந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் கரி உடம்புக்கு ஆகாது.

இன்னொன்று, வசூல். உங்கள் குழுவுக்குள் கொடுப்பது வேறு. உண்டியலை எடுத்துக்கொண்டு புளோக் புளோக்காக வீடு வீடாகப் போக ஆரம்பித்தால் அதற்கு உரிமம் வேண்டும். ஆர்வத்தில் யாரும் கிளம்பிவிடப் போகிறார்கள்.

---

ஜூரோங்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா சொன்ன மாதிரியே கேட்டேன். டீச்சர் சட்டென்று "அதுதான்மா தூக்கமே வரல" என்றார். இப்போதைக்குச் சமூக மன்றத்தில் ஓர் அறை பேசியிருக்கிறோம், தரைத்தளத்தில். வாடகைக்குக் குழுவுக்குள்ளேயே பணம் சேர்ந்துவிட்டது. துணி மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் ஒரு மூட்டைக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, பரவாயில்லை.

பெயின்ட் தம்பிகள் பெயரைக் கேட்டபோது முதலில் பயந்துவிட்டார்கள், ஏதோ புகார் என்று நினைத்து. விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் வேலை பெர்மிட் அட்டையையே எடுத்துக் காட்டி, அதில் இருக்கும்படி எழுதச் சொன்னார். கடிதம் போய்விட்டது.

கோப்பு யோசனைதான் நாங்கள் யாருமே நினைக்காதது. குழுவில் போட்ட அன்று ராத்திரியே தேசிய சேவையில் இருக்கும் ஒரு பழைய மாணவன், தன் அம்மா பரணில் கட்டிவைத்திருந்த நான்கு கோப்புகளைக் கொண்டுவந்தான். டீச்சர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல ஆறாவது கேள்வி தப்பா விடை எழுதியிருக்கே" என்றார் அவனிடம்.

செந்தில் தம்பி, மகள் இன்னும் கடைவீட்டுப் படி ஏறவில்லை. மன்றத்து அறைக்கு வந்தாள். இரண்டு கதவையும் தானே திறந்து பார்த்தாள்.

கடைசியாக ஓர் உதவி. ஆறாம் வகுப்புத் தாள்கள் ஓரளவு சேர்ந்துவிட்டன. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கட்டுரைத் தாள்கள்தான் குறைகின்றன. ஜூரோங் வெஸ்ட் பக்கம் படித்த பிள்ளைகள் யார் வீட்டிலாவது கையெழுத்தில் எழுதி நகலெடுத்த, வலது மூலையில் சின்னதாகத் தாமரைப் பூ வரைந்த தாள்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். மை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.