மறு: ஹிஸ்டெரிசிஸ் - வேலையின்மைக்கு என்ன சொல்?

வணக்கம்.

காரணம் நீங்கிய பிறகும் விளைவு நீங்காமல் நிற்பதை ஹிஸ்டெரிசிஸ் (hysteresis) என்கிறார்கள். வேலையின்மை அப்படி நிற்பதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் நம் கேள்வி. இயற்பியல் பாடநூலில் ஹிஸ்டெரிசிஸுக்குத் 'தயக்கம்' என்று இருக்கிறதே, பொருளியலுக்கும் அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று ஐயா கேட்டிருந்தார். காந்தத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, புலத்தை எடுத்த பிறகும் இரும்பு காந்தத்தன்மையை முழுசாக விடத் தயங்குகிறது, சரி. ஆனால் 'வேலையின்மைத் தயக்கம்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். வேலைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேலை போனதும் இல்லாமல் பழியும் அவர்கள் தலையிலேயே விழும்!

1986இல் பொருளியலாளர்கள் பிளான்ஷாரும் சம்மர்ஸும் ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லை ஐரோப்பாவுக்குப் பயன்படுத்தியது வேறொன்றைச் சொல்ல. அறுபதுகளில் அமெரிக்காவைவிடக் குறைவாக இருந்த மேற்கு ஐரோப்பிய வேலையின்மை, எழுபதுகளின் எண்ணெய் அதிர்ச்சிகளுக்குப் பிறகு ஏறியது, எண்பதுகளின் நடுவிலும் இறங்கவில்லை. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இவை: வேலையில் இருப்பவர்கள் தங்களுக்காக மட்டுமே கூலி பேசுகிறார்கள், வெளியே நிற்பவர்களுக்குப் பேச ஆளில்லை, நாளாக ஆகத் தொழில் கையைவிட்டுப் போகிறது, முதலாளியும் இரண்டு வருட இடைவெளியைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்.

கட்டுரைக்காக மூன்று நாடுகளின் கோடுகளை ஒரே தாளில் வரைந்து பார்த்தேன். அமெரிக்கக் கோடு 2020 ஏப்ரலில் 14 விழுக்காட்டைத் தாண்டி ஊசி மாதிரி நிற்கிறது, 2022 நடுவில் 3.5க்கே வந்துவிட்டது. ஸ்பெயின் 2007இல் 8ஐ ஒட்டி இருந்து 2013இல் 26க்குப் போனது. 2019இல்கூட 14க்குப் பக்கத்தில்தான். வெள்ளம் வடிந்தும் சேறு போகவில்லை.

அதனால் என் பரிந்துரை 'படிவு'. 'ஸ்பெயினில் வேலையின்மை படிந்துவிட்டது' என்றால் விளக்கமே வேண்டாம். வினையாகவும் புழங்காத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும் என்பது என் அனுபவம். 'தேக்கம்' என்று இன்னொருவர் சொன்னது நல்ல சொல்தான், ஆனால் பொருளாதாரத் தேக்கம் என்று ஏற்கெனவே வேறு பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'வடு'வைத் தனி ஆளுக்கு வைத்துக்கொள்வோம். மந்தக் காலத்தில் படித்து வெளிவந்தவரின் சம்பளம் பல வருடம் பின்தங்குகிறதே, அதற்கு.

'படிவம்' என்பதோடு குழம்பும் என்பீர்கள். வேலையில்லாதவர் நிரப்புகிற தாள்களை நினைத்தால் அந்தக் குழப்பமும் அவ்வளவு தப்பில்லை :-)

என்னை உறுத்துவது ஜெர்மனி. 2005இல் 11 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, 2019இல் 3க்கு இறங்கியது. வேலைச் சந்தை விதிகளையும் வேலையின்மை உதவித்தொகையையும் மாற்றிய ஹார்ட்ஸ் சீர்திருத்தங்களாலா, கூலி ஏறாமல் இருந்ததாலா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும், படிந்ததைச் சுரண்டி எடுக்கவும் முடிகிறது. அப்படி எடுப்பதற்கும் நமக்கு ஒரு சொல் வேண்டுமே? 'படிவு நீக்கம்' என்றால் பல் மருத்துவர் பலகை மாதிரி இருக்கிறது.