0.361 அளவில் வரும் ஈயக் குண்டை 0.358-க்கு இறக்கினால் உருக்குலைகிறது: எங்கே தவறு?

உலைமுகம்:
வணக்கம். .38 ரிவால்வருக்கு வீட்டில் வார்க்கும் குண்டுகளைப் பற்றிய கேள்வி. பழைய சக்கர எடை ஈயத்தோடு (வாகனச் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் எடைகள்) 2% வெள்ளீயம் சேர்க்கிறேன். அச்சிலிருந்து 0.361 அங்குலத்தில் வருகிறது. குண்டின் அடியை டைக்குள் (அளவான துளை உள்ள எஃகு வார்ப்பு) வைத்து, மேலிருந்து மூக்கை அழுத்தி, அதே இழுப்பில் மெழுகும் ஏற்றும் கைப்பிடி இயந்திரத்தில் 0.358-க்கு இறக்குகிறேன். மூக்கில் வளையத் தழும்பு விழுகிறது. மெழுகுப் பள்ளம் (மெழுகு தங்க குண்டைச் சுற்றியுள்ள வரி) ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, எதிர்ப் பக்கம் பாதி மூடிப்போகிறது. அடியில் மெழுகு கசிந்து அப்பிக்கொள்கிறது. குழலின் ஆரம்பப் பகுதியில் ஈயமும் படிகிறது. எதை மாற்ற வேண்டும்?

நுண்ணளவன்:
தழும்புக்கும் சாய்வுக்கும் மூலம் ஒன்றுதான்: மேல் பஞ்சின் (மூக்கை அழுத்தும் தண்டு) குழி உங்கள் குண்டின் மூக்கு வடிவத்துக்குப் பொருந்தவில்லை. குழியின் விளிம்பு மட்டும் மூக்கைத் தொட்டால் முழு விசையும் அந்த வளையத்தில் இறங்கும். குண்டும் நேராக நிற்காமல் சாய்ந்தபடியே டைக்குள் நுழையும். அப்போது ஒரு பக்கத்து ஈயம்தான் வழிக்கப்படும், பள்ளம் மூடுவது அதனால்தான்.

பொருந்தும் பஞ்ச் கிடைக்காவிட்டால் இருப்பதையே பொருத்திக்கொள்ளலாம். நல்ல குண்டு ஒன்றின் மூக்கில் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். பஞ்சின் குழியில் சிறிது எபாக்சி இட்டு, ஏற்கெனவே அளவாக்கிய அந்தக் குண்டை டைக்குள் இறக்கி வைத்து, கைப்பிடியை மெதுவாகக் கீழே கொண்டுவந்து எபாக்சி முழுதாக இறுகும்வரை அப்படியே விடுங்கள். டையே குண்டை மையத்தில் பிடித்திருப்பதால் குழியும் மையத்தில் அமையும். தட்டை மூக்குக் குண்டென்றால் இவ்வளவும் வேண்டாம், தட்டையான பஞ்ச் போதும்.

அடியில் கசிவது அழுத்தம் மிகுந்ததால். மெழுகு திருகைக் கால் சுற்று பின்வாங்குங்கள். குண்டு கீழே இருக்கும் நிலையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள். டையில் மெழுகு நுழையும் துளை வரிசைகளில் உங்கள் பள்ளத்துக்கு நேரே வராதவற்றைச் சின்ன ஈயச் சில்லால் அடைத்துவிடலாம். அடி விளிம்பு சரிவாக வார்க்கப்படும் அச்சாக இருந்தால் கசிவு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அத்தகைய குண்டுக்கு இந்த இயந்திரமே ஏற்றதல்ல. அடியில் மெழுகு ஒட்டியதை அப்படியே ஏற்றக் கூடாது, வெடிமருந்தைக் கெடுக்கும்.

தேன்மெழுகு:
அளவாக்குவதையும் மெழுகிடுவதையும் பிரித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும் என்பது என் கருத்து. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் மாட்டும் நேர்த்துளை டை இருக்கிறதே, அதில் குண்டு மூக்கு முன்னால் போக, தட்டைத் தண்டு அடியைத் தள்ளுகிறது. மூக்கை எதுவும் தொடுவதே இல்லை. ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. வழிக்கப்படும் ஈயம் பின்னோக்கி நகரும். ஒரே தள்ளலில் 0.003 அங்குலம் குறைத்தால் அடி விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கலாம். குண்டு குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த அடியைத்தான். அதனால் மூக்கில் உள்ள சிறு தழும்பைவிட அடி விளிம்பின் குறைதான் குறியை அதிகம் கெடுக்கும். 0.361-லிருந்து முதலில் 0.359, பிறகு 0.358 என இரண்டு டையில் இறக்குங்கள்.

டைக்குள் வறட்டுக் குண்டைத் தள்ளவே கூடாது. திரவ அலாக்ஸ் மெழுகு (குண்டுக்கான ஒரு மசகு) என்றால் 100 குண்டுக்குச் சில சொட்டுகள் போதும். பாத்திரத்தில் உருட்டி, மெழுகுத் தாளில் ஓர் இரவு காயவிட்டு, அளவாக்கி, மறுபடி அதேபோல் ஒரு பூச்சு. குண்டு வெளிர்மஞ்சளாகத் தெரிந்தால் சரி. பழுப்பாகத் தெரிந்தால் அதிகம், ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தட்டில் மெழுகிடுவதாக இருந்தால், அளவாக்கிய குண்டுகளை அடி கீழே இருக்க நிற்கவைத்து, தேன்மெழுகும் அலாக்ஸும் சம எடையில் உருக்கிய கலவையை மேல் பள்ளம் மூழ்கும்வரை ஊற்றுங்கள். நேரடித் தீயில் உருக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். முழுதும் ஆறிக் கெட்டியானபின்தான் குண்டுகளை எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது எடுத்தால் பள்ளத்து மெழுகு தட்டிலேயே தங்கிவிடும்.

வார்ப்புநிலை:
கடினத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கர எடை ஈயம் காற்றில் ஆறினால் பிரினெல் (உலோகக் கடினத்தின் அளவுகோல்) 12 அளவில் நிற்கும். அச்சிலிருந்து நேரே தண்ணீரில் போட்டால் அதில் உள்ள ஆன்டிமனியாலும் சிறிதளவு ஆர்சனிக்காலும் அடுத்த சில நாட்களில் கடினம் நன்றாக ஏறும். ஏறியபின் அளவாக்கினால் அதிக விசை வேண்டும். அதோடு, வழிக்கப்பட்ட மேற்பரப்பு மட்டும் மறுபடி மென்மையாகிவிடும். குழலுக்குள் சுழன்று செல்லும் முறுக்கு வரிகளைப் பிடிக்கவேண்டிய பரப்பே அதுதான். ஆகவே தண்ணீரில் போட்டவற்றை அன்றே அளவாக்கிவிடுங்கள். காற்றில் ஆறியவற்றுக்கு இந்த அவசரம் இல்லை.

உலைமுகம்:
நன்றி. இரண்டு டை முறையைச் செய்துபார்க்கிறேன். 0.358 என்ற அளவே சரிதானா?

நுண்ணளவன்:
அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஈயம் குழலின் ஆரம்பத்தில் படிகிறது என்றால் பெரும்பாலும் குண்டு சிறியது, வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக்கொண்டு போகிறது. குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம் படிந்தால்தான் மெழுகு போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்து, உருளையைக் கழற்றி, ஒவ்வொரு அறையின் முன்வாய் வழியாகவும் எண்ணெயிட்ட மென் ஈயத் துண்டை மரக்கோலால் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளவிடுங்கள். வெர்னியர் இதற்குப் போதாது. குழலிலும் அதேபோல் செய்யுங்கள். ஐந்து வரிப் பள்ளம் உள்ள குழலென்றால் எதிரெதிரே பள்ளம் வராது, சாதாரண மைக்ரோமீட்டர் தவறாகக் காட்டும், வி வடிவத் தாங்கி உள்ளதுதான் வேண்டும். குண்டு முன்வாய்க்குச் சமமாகவும், குழல் பள்ளத்தைவிட 0.001 அங்குலம் பெரிதாகவும் இருக்கட்டும். முன்வாய் 0.359 என்று வந்தால் 0.359-லேயே நிறுத்திவிடுங்கள், இரண்டாவது டையே தேவைப்படாது. முன்வாய் குழல் பள்ளத்தைவிடச் சிறியதாக வந்தால் டையை மாற்றிப் பயனில்லை, துப்பாக்கி வல்லுநரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாக அளவாக்கிய குண்டைத் தோட்டாக் கூடே நசுக்கிவிடுவதுண்டு. கூட்டின் வாயைச் சற்றே விரிக்காமல் அமர்த்தினால் ஈயம் சீவப்படும், விரித்தும் உள்விட்டம் இறுக்கமாக இருந்தால் அடிப்பகுதி சுருங்கும். வெடிமருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத கூட்டில் ஒன்றை அமர்த்தி, இழுத்தெடுத்து அடியை மறுபடி அளந்துபாருங்கள். 0.357-க்குச் சுருங்கியிருந்தால் மாற்றவேண்டியது விரிப்பானைத்தான்.