எரிச்சல் நின்றபின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:
என் 17 வயது மகன், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருப்பதாகத் தானாகவே வந்து என்னிடம் சொன்னான். பரிசோதனையில், உடலுறவு மூலம் பரவும் கிளமீடியா என்ற பாக்டீரியா தொற்று என்று தெரியவந்தது. மருத்துவர் 7 நாள்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மூன்று நாள்களிலேயே எரிச்சல் நின்றுவிட்டதால் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறான். அவனுடைய தோழிக்கு எந்தத் தொந்தரவும் இல்லையாம். ஆகவே அவளிடம் சொல்லத் தேவையில்லை என்கிறான். அவனை அதட்டாமல் எப்படிப் புரியவைப்பது?

பதில் 1:
அம்மா, உங்கள் மகன் உங்களிடம் வந்து சொன்னதே பெரிய விஷயம். அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செவிலியராகப் பணியாற்றும் நான் உறுதியாகச் சொல்வது, எரிச்சல் நின்றாலும் கிருமி முழுவதும் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை என்பதால், 7 நாள் மாத்திரையையும் அவன் முடித்தே ஆக வேண்டும். மாத்திரையை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கட்டும். விழுங்கியவுடன் படுத்தால் அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடக்கூடும்.

தோழியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கிளமீடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறி, அங்கே தழும்பை உண்டாக்கி, பிற்காலத்தில் குழந்தைப்பேற்றுக்கே தடையாகலாம். அவளும் சிகிச்சை பெறாவிட்டால், குணமான உங்கள் மகனுக்கே அது திரும்பத் தொற்றக்கூடும். இருவரும் சிகிச்சையை முடிக்கும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும்.

பதில் 2:
பதின்பருவத்தினருக்கான ஆலோசகர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் தயங்குவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, 'யாரால் வந்தது' என்ற சண்டை மூளுமே என்ற பயத்தால்தான். அறிகுறியின்றி மாதக்கணக்கில் இருக்கக்கூடிய தொற்று என்பதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பெரும்பாலும் சொல்லவே முடியாது. இதை அவனுக்கு விளக்குங்கள். "எனக்குக் கிளமீடியா இருப்பது தெரியவந்தது, மாத்திரையில் குணமாகிவிடும், நீயும் பரிசோதித்துக்கொள்" என்று அவன் சொன்னால் போதும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் செய்தியாக அனுப்பட்டும். நீங்கள் அவளுடைய வீட்டாரிடம் பேசப் போக வேண்டாம்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு, உடலுறவால் பரவும் மற்ற தொற்றுகளான கொனோரியா, சிபிலிஸ், எச்ஐவி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் செய்துவிடுவது நல்லது. ஒரு தொற்று உள்ளவருக்கு மற்றொன்றும் இருக்கக்கூடும். மறுதொற்று அடிக்கடி ஏற்படுவதால், சுமார் 3 மாதங்கள் கழித்துக் கிளமீடியாவுக்கு மீண்டும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். எச்பிவி (உடலுறவால் பரவி, சில புற்றுநோய்களை உண்டாக்கக்கூடிய வைரஸ்) தடுப்பூசி போடவில்லையென்றால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்; அது ஆண்பிள்ளைகளுக்கும் உரியதுதான்.